இரண்டு முறை பச்சை வாங்கியவன்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக வெற்றிக் கதை ஒன்று எழுதித் தரும்படி உங்கள் நிறுவனத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இதைவிட மரியாதையாக எதையும் கேட்க முடியாது. யோசித்துப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் ஆண்டறிக்கையின் அட்டையிலேயே படத்தோடு அச்சான வெற்றி ஒன்று உண்டு. அதையே எழுதுகிறேன். அட்டையில் இடம் பெறாத பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் சற்று நீளும்.

நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன். ஒரு டுடோரியல் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை வைத்திருந்த சிலர் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தெரபி கொடுக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதை நடத்துவதற்குப் படித்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். போய்ச் சேர்ந்தேன்.

சேர்மன் லாரி பிரேக்குக்கு உதிரிப் பாகம் செய்பவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கெட்டவனைத் தேடி நீங்கள் அவர் வாசலில் போய் நிற்க வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரிந்த மொழி தொழிற்சாலை மொழி ஒன்றுதான். சரியாகப் படியாத பிள்ளை என்றால் 'ரீவொர்க்'. தெரபி முடிந்து வெளியேறினால் 'டிஸ்பாட்ச்'. இதில் அவமரியாதை எதுவும் இல்லை. மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணை டிஸ்பாட்ச் பண்ணிட்டேன் புரொபசர்" என்றவர் அவர். என்னைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார். டுடோரியல் காலேஜுக்கு அது அதிகம். நான் திருத்தியதில்லை.

குமணன்சாவடி ஜங்ஷனில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் எங்கள் தெரபி மையம் இருந்தது. இடம் குறைவு, தெரபிஸ்ட் ஒரே ஒரு பெண். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எங்கெங்கோ இருந்து தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு வந்து இடம் கேட்டு நிற்பார்கள். யாருக்குத் தருவது, யாரிடமிருந்து எடுப்பது? குறைவான வளத்தைப் பங்கிடுவது எப்படி என்று பாடமே நடத்தியவன் நான். ஒரே ராத்திரியில் ஒரு விதி எழுதினேன்.

அரையாண்டுக்கு ஒருமுறை பார்வை நாள். அறங்காவலர்கள் மையத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே வந்து, கற்றதைச் செய்து காட்ட வேண்டும். போதுமான முன்னேற்றம் இருந்தால் பச்சை: உதவி முடிந்தது, இடம் அடுத்த பிள்ளைக்கு. முன்னேற்றமே இல்லையென்றால் சிவப்பு: பலனில்லை, இடம் அடுத்த பிள்ளைக்கு. முன்னேறிக்கொண்டிருந்தால் மஞ்சள்: தொடரலாம்.

"யோவ் புரொபசர், என் ஃபேக்டரிலயே இப்படி ஒரு சிஸ்டம் இல்லய்யா!" என்று சேர்மன் என் தோளைத் தட்டினார்.

நன்றாகத் தேறினாலும் தெரபி நிற்கும், தேறாவிட்டாலும் நிற்கும் என்பதுதான் அந்த விதியின் பொருள். எழுதிய எனக்கு அது உறைக்கவில்லை. மாடிப்படி முடிவில் போட்டிருந்த பெஞ்சில் காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரே நாளில் உறைத்துவிட்டது. ஒரு பார்வை நாளுக்கு முன்பு நான் படியேறி வரும்போது மேலிருந்து பேச்சு கேட்டது.

"இன்னாக்கா, உன் பொண்ணு நூறு வரிக்கும் எண்ணுதாமே?"

"மெதுவா பேசுடி. இருவதோட நிறுத்த சொல்லிக் கீறேன்."

"நிறுத்துமா அது?"

"இருவது வந்ததும் கையில முறுக்கு குடுத்துருவேன். வாயில முறுக்க வெச்சிகினு எப்டி எண்ணும்?"

"ரொம்ப தின்னா செவப்பு போட்டுருவாங்க, பாத்துக்கோ."

"அதுக்குத்தான் சின்ன முறுக்கா வாங்கியாந்தேன்."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். பெண்கள் வேடிக்கையாக ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன். அன்று அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

அந்தப் பெஞ்சில் அதிகம் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவள் லோகேஸ்வரி. சென்னீர்குப்பத்தில் வீடு. கணவன் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறான், வண்டியோடு போனால் எப்போது வருவான் என்று தெரியாது. அவள் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போவாள். மகன் தினேஷ். எங்களிடம் வந்தபோது அவனுக்குப் பேச்சு கிடையாது, யாரையும் பார்க்க மாட்டான், ஓரிடத்தில் உட்கார மாட்டான். தெரபிஸ்ட் முதலில் அவனை உட்காரப் பழக்கினாள், பிறகு பார்க்க, பிறகு கேட்க. ஒரு நாள் அவன் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "தண்ணி குடு" என்றான். அன்று அவள் எனக்குப் போன் செய்தாள். பேசினாளா அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் பார்வை நாளில் மட்டும் அவன் வேறு பிள்ளையாக இருந்தான். அழுகை, உருளல், சட்டையைக் கிழிப்பது. அறங்காவலர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மஞ்சள் போடுவார்கள். தெரபிஸ்ட் சொல்வதற்கும் பார்வை நாளில் நடப்பதற்கும் பொருத்தமே இல்லை. படித்தவனுக்கு இது ஒரு சவால். கவனிக்கத் தொடங்கினேன். மற்ற நாட்களில் அவன் துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பனியனில் வருவான். பார்வை நாளில் புதுச் சட்டை, விறைப்பான காலர், உள்ளே கழுத்தை உரசும் டேக்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு அது முள்ளு மாதிரி சார்" என்றாள் தெரபிஸ்ட். "நமக்கு உறுத்தறது அவங்களுக்குக் குத்தும்."

பாவம், படிக்காதவள், பெரிய மனிதர்கள் முன்னால் மகன் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுப் புதுச் சட்டை போட்டுவிடுகிறாள், அது அவனைக் குத்தும் என்று அவளுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். சொன்னால் மனம் வருந்துவாள் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. அடுத்த பார்வை நாளில் ஒரு கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

தினேஷ் உள்ளே வந்தான். வரும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். நான் எழுந்து போய், "ஒரு நிமிஷம் சார்" என்று சேர்மனிடம் சொல்லிவிட்டு, அவன் பின்னால் குனிந்து டேக்கைக் கத்தரித்து எடுத்தேன். மேல் பட்டனையும் கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் தேம்பினான். பிறகு அடங்கினான். தெரபிஸ்ட் காட்டிய படங்களையெல்லாம் சொன்னான். சிவப்புக் கட்டையை எடு என்றால் எடுத்தான். கடைசியில் தானாகவே சேர்மன் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்து, "தண்ணி குடு" என்றான்.

சேர்மன் டம்ளரை நீட்டினார். குடிக்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிதான் அட்டைப் படம். அறை முழுவதும் கைதட்டல். ஒருவர் பாக்கியில்லாமல் பச்சை போட்டார்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் பீஸ்யா! டிஸ்பாட்ச்!" என்றார் சேர்மன். கத்தரிக்கோலை எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்துவிட்டு நானும் தட்டினேன்.

கதவருகே நின்ற லோகேஸ்வரி மட்டும் தட்டவில்லை. படியிறங்கும்போது நின்று என்னைக் கேட்டாள்.

"எதுக்கு அத்த கத்தரிச்ச?"

அதுவரை என்னிடம் 'நீங்க' என்றே பேசியவள். மகிழ்ச்சியில் மரியாதை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "அது அவனைக் குத்திச்சும்மா. உனக்குத் தெரியல" என்றேன்.

"எனக்குத் தெரியலியா?" என்றாள். "பூந்தமல்லில கட கடயா ஏறி எறங்குனேன் சார். ஒவ்வொரு சட்டயா என் கழுத்துல வெச்சி வெச்சிப் பாத்தேன். எது ரொம்ப குத்துச்சோ அத்த எடுத்தேன். எம்புள்ள கழுத்துல முள்ள வெச்சி கூட்டியாறேன், ஒனக்கு தெரியலன்ற."

நான் குனிந்து தினேஷுக்கு வாழ்த்துச் சொன்னேன்.

அவனுடைய இடம் ஒரு பெண் குழந்தைக்குப் போனது. அவளும் நன்றாகத் தேறினாள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. பிறகு உங்களிடம் யாராவது இப்படிக் கணக்குச் சொன்னால் நீங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தெரபிஸ்ட் மட்டும் ஒருமுறை, "தண்ணி கேக்கறது தொடக்கம் சார். நாம அதையே முடிவுன்னு எழுதிட்டோம்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் வேலையைத் தவிர வேறொன்றும் பேசாமல் இருந்தாள். சேர்மனோ போகிற சங்கக் கூட்டங்களிலெல்லாம் தண்ணீர் கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் கண் கலங்கினார். பையனின் படத்தைச் சட்டம் போட்டுப் பார்வை அறையிலேயே மாட்டினோம்.

மழைக்காலம் போய் வெயில் வந்திருந்தது. லோகேஸ்வரியின் பையன் பேச்சை விட்டுவிட்டதாகப் பெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரபிஸ்ட் சொன்னாள். சென்னீர்குப்பத்துக்குப் போனேன். தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்தபடியே அவள் என்னைப் பார்த்தாள்.

"வா சார். பச்ச வாங்குன புள்ளய பாக்க வந்தியா? உள்ளதான் கீறான். போய் போட்டோ புடிச்சிக்கோ."

தினேஷ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் பல் பதிந்த தழும்புகள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வேலக்கி போவும்போ பக்கத்து ஊட்ல உட்டுட்டுப் போறேன். அவங்க கதவ சாத்தி வெப்பாங்க. வேற இன்னா பண்ணுவாங்க பாவம்" என்றாள். "இப்ப தண்ணி கூட கேக்கறதில்ல சார். என் கைய புடிச்சி இஸ்துகினு போய் சொம்பாண்ட வுடறான். மொதல்ல எப்டி இருந்தானோ அப்டி."

மறுநாளே சேர்மனிடம் போய், அந்தப் பையனைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"டிஸ்பாட்ச் ஆன பீஸ் ரிட்டர்ன் வந்தா என்ன அர்த்தம் தெரியுமா புரொபசர்? கம்பெனி மானம் போச்சுன்னு அர்த்தம்" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அந்தப் படத்தைப் பார்த்துத்தானேய்யா நாலு பேர் பணம் குடுக்கறான். திரும்ப வந்துட்டான்னு சொன்னா மத்த பிள்ளைங்க கதி? பச்சை வாங்கினவன் திரும்ப வரக் கூடாதுன்னு நீதானே எழுதின?"

ஆமாம், நான்தான் எழுதினேன். அந்த இடத்தில், "தப்பாக எழுதிவிட்டேன் சார், இந்தப் பிள்ளைகளுக்கு முடிவு என்று ஒரு நாள் கிடையாது" என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் அவர் என்னைப் புரொபசர் என்று கூப்பிடுகிறவர். தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட என் விதியை நானே ஏமாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

லோகேஸ்வரியிடம் போய் யோசனையைச் சொன்னேன். தினேஷுக்கு ஒரு தம்பி இருப்பதாகச் சேர்த்துவிடலாம்.

"இல்லாத தம்பிய எங்கேர்ந்து சார் கொண்டாறது?"

"இவன்தான் தம்பி."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "படிச்சவன் மூளயே மூள" என்றாள். சிரித்து முடித்தபின் யோசித்தாள். "பேரு இன்னா வெக்கிறது?"

"நீயே சொல்லு."

"முரளின்னு போடு. அடுத்தது பொறந்தா வெக்கலாம்னு வெச்சிருந்தேன். இவன் இப்டி ஆனப்புறம் பயந்துகினு பெத்துக்கல. பேரு சும்மாதான் கீது."

தெரபிஸ்ட்டிடம் சொன்னபோது அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "சார், பேர் சொன்னா திரும்பிப் பாக்கறதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுக்கே மாசக்கணக்காகும். அந்தப் பேரையே மாத்தச் சொல்றீங்களா?" என்றாள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வெளியே முரளி. வகுப்புக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் தினேஷ்.

முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். "தினேஷ் எங்கே?" என்று கேட்பாள். அவன் கையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து, "இங்க" என்று அவளே சொல்வாள். மறுபடி கேட்பாள். மறுபடி வைப்பாள். சாத்திய கதவுக்கு வெளியே நான் கடந்து போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி மட்டும் கேட்கும். பதில் அவள் குரலிலேயே வரும்.

அடுத்த பார்வை நாள் வந்தது. பையனைத் திருவேற்காட்டில் மொட்டை போட்டுக் கூட்டிவந்தாள். தலையில் கை வைத்தாலே அலறுகிறவனை எப்படி உட்கார வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தின் மேல் ஒரு தினக்காலண்டரைத் தொங்கவிட்டேன். மஞ்சள் வாங்குவதற்கான ஏற்பாடுகளை அவளே பார்த்துக்கொண்டாள். என் பையில் இந்த முறை கத்தரிக்கோல் இல்லை.

பையன் கழுத்தைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தான். "முரளி" என்று சேர்மன் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கட்டையை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. படங்களில் ஒன்றிரண்டைத் தொட்டான். எல்லாம் நாங்கள் விரும்பியபடியே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் நிச்சயம்.

சேர்மன் சட்டென்று முகம் மலர்ந்தார். "அட, இது நம்ம தண்ணி குடு பையனோட தம்பி இல்ல? அச்சு அசலா அதே ஜாடைய்யா!" லோகேஸ்வரியைப் பார்த்து, "பெரியவன் எப்படிம்மா இருக்கான்?" என்றார்.

"நல்லா கீறான் சார். பள்ளிக்கோடம் போய்கினு கீறான்."

"கூட்டிட்டு வந்திருக்கலாமே!" என்று அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, பையனின் முகத்தருகே குனிந்தார். சந்தேகம் எதுவும் இல்லை, வெறும் பாசம்தான். பேரனிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "உங்க அண்ணன் எங்கடா? தினேஷ் எங்கே?"

பையன் அவரைப் பார்த்தான். கையைத் தூக்கினான். தன் நெஞ்சில் வைத்தான்.

"இங்க" என்றான்.

நான் தெரபிஸ்ட்டைப் பார்த்தேன். முதல் முறையாக அந்தப் பதில் அவன் குரலில் வந்திருக்கிறது. அவள் முகத்தில் சந்தோஷம் எழுந்ததும் அதை அவள் விழுங்கியதும் ஒரே நொடியில் நடந்தன. சேர்மன் எதுவும் புரியாமல், விளையாட்டு என்று நினைத்து, மறுபடி கேட்டார். பையன் மறுபடி நெஞ்சைத் தொட்டு, இன்னும் பலமாக, "இங்க" என்றான். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்து எல்லார் முகத்தையும் பார்த்தான்.

சேர்மன் எழுந்து போய்க் காலண்டரை நகர்த்தினார். படத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு புரொபசர் இது?"

நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்குப் பயிற்சி தருவார்கள். நிதானமாக யோசிக்கச் சொல்வார்கள். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். சொல்ல வேண்டிய மூன்று வாக்கியங்களும் எனக்குத் தெரிந்திருந்தன. விதி தப்பு. ஏமாற்றியது நான். இந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்பு வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

"எனக்கும் இப்பதான் சார் தெரியுது" என்றேன். "அந்தம்மா நம்மளை ஏமாத்திட்டாங்க."

தெரபிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள். லோகேஸ்வரி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு சேர்மனிடம் திரும்பினாள்.

"ஆமா சார். நான்தான். இவுருக்கு ஒண்ணியும் தெரியாது."

அவள் வேகமாக ஒப்புக்கொண்டதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. தொழிலாளிகளைப் பல வருடம் பார்த்தவர். "பெத்தவ பொய் சொன்னான்னு பிள்ளையைத் தண்டிக்க வேணாம்" என்றார். "கேட்டதுக்குக் கணீர்னு பதில் சொல்றான் இல்ல? நல்லாத்தானே இருக்கான். பச்சையே போடுங்க. டிஸ்பாட்ச்."

அந்த அறக்கட்டளையில் இரண்டு முறை பச்சை வாங்கிய ஒரே பிள்ளை தினேஷ்தான்.

நான் பின்னாலேயே இறங்கிப் போனேன். பெஞ்சில் யாரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. கீழே செல்போன் கடை வாசலில் அவள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள்.

"ரெண்டு புள்ளயும் பாஸாயிட்டானுங்க சார்" என்றாள். "அண்ணனும் பச்ச, தம்பியும் பச்ச. எந்த மவராசிக்கு இப்டி கெடைக்கும்?"

"லோகேஸ்வரி, நான் வந்து..."

"மூச்சு உடாத. உள்ள உன்ன காப்பாத்துனேனா இல்லியா?"

"காப்பாத்தினே."

"சும்மாவா காப்பாத்துனேன்? நாளிக்கே மேல ஏறிப் போய் யார் குடுத்த ரோசனன்னு சொல்லட்டுமா?"

நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

"டீச்சரம்மா எங்கூட்டாண்ட வந்து இவனுக்கு கிளாஸ் எடுக்கணும். துட்டு நீ குடு. உன் சம்பளத்துலேர்ந்து. ட்ரஸ்ட்டுலேர்ந்து ஒண்ணும் வேணாம்."

"சரி."

"இன்னொண்ணு. எப்டி கீறான், இன்னா கத்துகினான்னு நீ கேக்கக் கூடாது. வந்து பாக்கக் கூடாது. டீச்சரம்மாவாண்டயும் கேக்கக் கூடாது."

"பணம் குடுக்கறவன் கேக்காம எப்படிம்மா..."

"கேட்டா நீ கலர் போடுவ சார். உன் கண்ணு அப்டி."

"எத்தனை நாளைக்கு?"

"பாத்தியா? அதான் உன் வியாதி" என்றாள். ஆட்டோ வந்தது. "ஏறு நைனா" என்று பையனை முதலில் ஏற்றினாள்.

தெரபிஸ்ட்டிடம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். மாதம் பிறந்ததும் நான் உறையை நீட்டுவேன், அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வேறு பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள். அவளுக்கும் அந்த நிபந்தனை சொல்லப்பட்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் நான் உறை கொடுப்பது நிற்கவில்லை. அறக்கொடையில் தெரபி தருவது என்று இத்தனை காலம் நான் செய்த வேலையில் உருப்படியான ஒன்று இதுதான். அதுவும் என் யோசனை இல்லை, என்னை மிரட்டி வாங்கப்பட்டது.

இதோடு நான் திருந்திவிட்டதாக நினைக்காதீர்கள். மூன்று நிறங்களும் நான் ஓய்வு பெறும்வரை இருந்தன. கடைசிக் காலத்தில் மனசாட்சி உறுத்தி, மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் வெளிர் மஞ்சள் என்று ஒன்றைச் சேர்த்தேன். என் சீர்திருத்தம் அவ்வளவுதான். சேர்மன் போன ஆண்டு காலமானார். அன்று யார் பொய் சொன்னது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மாலை வாங்கிப் போட்டேன். அறக்கட்டளையின் சார்பில் இரங்கலுரையும் நான்தான் ஆற்றினேன். தண்ணீர் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

உங்கள் அலுவலகத்தில் இப்போது பிள்ளைகளின் முன்னேற்றத்தைக் கைபேசியில் கோடு கோடாகக் காட்டும் செயலி இருக்கிறது. பார்த்தேன், அழகாக இருந்தது. எந்த இடத்துக்குக் கோடு ஏறினால் உதவி நிற்கும் என்று அதைச் செய்தவரிடம் கேட்டேன். காட்டினார். உங்கள் வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்கும் அந்த இடம் நிச்சயம் தெரிந்திருக்கும். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், வேவும் பார்க்காதீர்கள். அந்தக் கோட்டுக்கு மேலே போனாலும் பிள்ளைக்கு வகுப்பு உண்டு என்று முதலில் எழுதி வையுங்கள். இடம் போதாதென்றால் போதவில்லை என்று பணம் கொடுப்பவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளை தேறிவிட்டான் என்று சொல்லாதீர்கள். இதைச் சொல்ல என்னைப்போல் எம்.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை. படித்திருந்தால் சற்றுக் கடினம்.

அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது.

அண்மையில் ஒருமுறை குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். நன்றாக வளர்ந்திருந்தான், அம்மாவைவிட உயரம். அவள் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்து பதில் சொன்னானா, பேசாமல் கையைப் பிடித்து இழுத்தானா, நின்று பார்த்தால் தெரிந்திருக்கும். என் முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறிவிட்டேன்.

கண்டக்டர், "எங்க சார் போணும்?" என்றார்.

"அடுத்த ஸ்டாப்" என்றேன்.